தம்பிக்கு வலி மாத்திரை ஊசிப் பழக்கம், எங்க மாவட்டத்துலயே சிகிச்சை கிடைக்குமா இல்ல சென்னைக்குத்தான் போகணுமா?

வைகைக்கரை_அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு நாளா படிச்சுக்கிட்டு மட்டும்தான் இருந்தேன், இன்னைக்கு வேற வழி தெரியாம எழுதுறேன், பெருசா இருந்தா மன்னிச்சுக்கோங்க.

நாங்க பரமக்குடி பக்கம். அப்பா இல்ல, அம்மா நூறு நாள் வேலைக்குப் போறாங்க, நான் ஒரு தனியார் பள்ளிக்கூடத்துல டீச்சர். தம்பிக்கு 23 வயசு, டிப்ளமோ முடிச்சிட்டு திருப்பூர்ல வேலைக்குப் போனான், ஒன்றரை வருஷம் கழிச்சு போன மாசம் திரும்பி வந்தப்ப பாதி ஆளா இருந்தான். முழங்கையோட உள்பக்கம் கறுத்துப்போய் அங்கங்க தடிப்பு. கொசுக்கடின்னு சொன்னான், நானும் நம்புனேன். அப்பறம் ஒருநாள் வண்டி சீட்டுக்கு அடியில டேபன்டடால் மாத்திரை அட்டை கிடைச்சுச்சு, கூடவே ஊசியும். கேட்டதும் அவன் கோவப்படல, உக்காந்து அழுதுட்டான், "அக்கா என்னால விட முடியல, விடணும்னு இருக்கு"ன்னான்.

வீட்டுலயே வச்சு நிறுத்திடலாம்னு பாத்தோம். ரெண்டாம் நாள்ல இருந்து கொட்டாவியா வருது, மூக்கு ஒழுகுது, கை கால் குடைச்சல்ல ராத்திரி முழுக்க சுவத்துல காலை ஒதைச்சுக்கிட்டு கிடந்தான், வயித்தாலயும் போச்சு. அம்மாவுக்கு விஷயம் தெரியாது, காய்ச்சல்னு நெனச்சு கசாயம் வச்சுக் குடுத்தாங்க. நாலாம் நாள் விடியக்காலைல ஆள் இல்ல, சாயங்காலம் வந்தான், மறுபடியும் போட்டுட்டுத்தான் வந்தான்னு முகத்தைப் பாத்தாலே தெரிஞ்சிருச்சு.

சித்தப்பா ஒரு போதை மீட்பு ஹோமோட நம்பர் வாங்கிக் குடுத்தாரு. போன் பண்ணேன். நாங்களே வண்டி அனுப்புறோம், நாலு பேர் வருவாங்க, அவனுக்கு முன்கூட்டியே சொல்லாதீங்க, மாசம் 25,000, மூணு மாசம் கட்டாயம், முதல் 45 நாள் பாக்கவும் முடியாது பேசவும் முடியாதுன்னு சொன்னாங்க. டாக்டர் இருக்காரான்னு கேட்டதுக்கு "அதெல்லாம் வாரம் ஒருக்கா வருவாரு"ன்னாங்க. எனக்கு மனசே ஒப்பல, ஆனா வேற என்ன இருக்குன்னும் தெரியல.

கேக்க வேண்டியது இதுதான். எங்க பக்கத்துல அரசாங்கத்துல ஏதாவது இருக்கா, இல்ல சென்னைதானா? ஆஸ்பத்திரில உண்மையைச் சொன்னா போலீசுக்குத் தகவல் போயிருமா? பேரு பதிவாகி நாளைக்கு பாஸ்போர்ட், வேலைன்னு போறப்ப பிரச்சனை வருமா? இதுக்கு மருந்துன்னு ஒன்னு நிஜமாவே இருக்கா?

—

ஓபி_சீட்டு:

வைகைக்கரை தங்கச்சி, முதல்ல அந்த வண்டியை வரச் சொல்லாத. பதினோரு வருஷமா அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல சமூகப் பணியாளரா இருக்கேன், ஊரு திருச்சி பக்கம். வண்டில அள்ளிட்டுப் போய் மூணு மாசம் கழிச்சு விடப்பட்ட பசங்க திரும்ப எங்ககிட்டத்தான் வர்றாங்க, முன்னாடி இருந்ததை விட மோசமா, போதாததுக்கு வீட்டு ஆளுங்க மேல நம்பிக்கையும் போயி.

சென்னைக்குப் போகணும்னு அவசியமே இல்ல. உங்களுக்கு பரமக்குடில இருந்து நாப்பது கிலோமீட்டர் சுமார்ல ராமநாதபுரம். 2022 ஜனவரில தமிழ்நாட்டுக்கு ஒரே நேரத்துல 11 புது அரசு மெடிக்கல் காலேஜ் வந்துச்சுல்ல, அதுல ராமநாதபுரமும் ஒன்னு. மெடிக்கல் காலேஜ்னா சைக்கியாட்ரி டிபார்ட்மென்ட் இருந்தே ஆகணும். அங்க முடியாததை மதுரை பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் குடுப்பாங்க. மாவட்ட மனநலத் திட்டம்னு ஒன்னு எல்லா மாவட்டத்துலயும் ஓடுது, அந்த டாக்டருங்க தாலுகா ஆஸ்பத்திரிக்கும் குறிப்பிட்ட நாள்ல வருவாங்க, பரமக்குடிக்கு என்னைக்குன்னு ஜிஹெச்ல விசாரிச்சு வச்சுக்கோ, பின்னாடி மாத்திரை வாங்க அது உதவும். 2025-ல "கலங்கரை"ன்னு அரசு ஆஸ்பத்திரிகள்லயே போதை மீட்புக்குன்னு 25 மையம் திறந்திருக்காங்க. மாவட்டம் 38, மையம் 25, அதனால எல்லாருக்கும் பக்கத்துல இருக்காது, 104 அரசு சுகாதார உதவி எண்ணுக்கு போட்டு உங்களுக்கு எது கிட்டன்னு கேளு. 14446 போதை மீட்புக்கான தேசிய உதவி எண், 14416 டெலி மனஸ்ங்கற மனநல உதவி எண், ரெண்டுக்கும் காசு கிடையாது, ராத்திரி ரெண்டு மணிக்கு மனசு தாங்கலன்னா 14416-க்கு தமிழ்லயே பேசலாம்.

மருந்து இருக்கான்னு கேட்டல்ல. இருக்கு, நல்லாவே இருக்கு. டேபன்டடால்ங்கறது அபின் வகையறா வேலை செய்யுற வலி மாத்திரை. டிரமடால்ங்கற இன்னொரு வலி மாத்திரையை 2018-ல போதைப்பொருள் சட்டத்துக்குள்ள கொண்டுவந்ததுக்கு அப்பறம் இது பக்கம் நெறைய பசங்க திரும்பிட்டாங்கன்னுதான் நான் ஓபில பாக்குறேன். நீ சொன்ன கொட்டாவி, மூக்கு ஒழுகல், குடைச்சல், வயித்தால போறது எல்லாமே வித்ட்ராயல், அதாவது மருந்து நின்னதால ஒடம்பு படுற பாடு, அவன் நடிக்கல, மன உறுதி இல்லாமயும் இல்ல, அவன் மூளை அந்த மருந்து இல்லாம ஓடத் தெரியாத நிலைமைக்கு வந்துருச்சு. அந்த வலியைக் குறைக்க ஒரு வாரம் பத்து நாளைக்கு மருந்து குடுப்பாங்க, தேவைன்னா வார்டுல சேத்துக்குவாங்க. அதுக்கு மேல புப்ரெனார்ஃபின்னு நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை ஒன்னு இருக்கு, ஏங்குறதை அடக்கும், ஆனா ஊசி மாதிரி தூக்கி அடிக்காது. அதை எப்ப ஆரம்பிக்கணும்னு டாக்டர்தான் முடிவு பண்ணணும், போதை ஒடம்புல இருக்கறப்பவே குடுத்தா வித்ட்ராயலை அதுவே கிளப்பி விட்டுரும். அதனால கடைசியா எப்ப போட்டான், எத்தனை மாத்திரைன்னு ஒளிக்காம சொல்லச் சொல்லு, அட்டையையும் எடுத்துட்டுப் போ. ஊசி போட்டவங்களுக்கு இந்த மாத்திரையை எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்து மையங்கள்ல இலவசமாவே குடுக்குறாங்க, எல்லா மாவட்டத்துலயும் அந்த மையம் இல்லங்கறது பெரிய குறை, எது கிட்டன்னு 1097 எய்ட்ஸ் உதவி எண்ல சொல்லுவாங்க.

அதே ஆஸ்பத்திரில நம்பிக்கை மையம் இருக்கும், எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி எல்லாத்துக்கும் எங்க டெஸ்ட் எடுக்கணும்னு அங்க வழி காட்டுவாங்க, கண்டிப்பா எடுக்க வைங்க. ஊசியை ஒரு தடவ கூட மாத்திக்கிட்டதில்லன்னு சத்தியம் பண்ணாலும் எடுங்க. காமாலை சி இருந்தா பயப்பட வேணாம், பெரும்பாலும் 12 வாரம் மாத்திரைல குணமாகுது, அரசாங்கத் திட்டத்துல இலவசம். கை தடிப்பையும் காட்டுங்க, வாயில போடுற மாத்திரைல இருக்குற மாவு கரையாம ரத்தக்குழாயில போய் அடைக்கும், சில பேருக்கு சீழ் கட்டி கையே போற அளவுக்கு வந்திருக்கு.

அவன் வாயால விடணும்னு சொல்றான் பாரு, அந்த மனசு எப்பவும் இருக்காது, ஒரு வாரம் இருக்கும், சில நேரம் ஒரு ராத்திரிதான். நாளைக்கே போங்க.

—

முருகனடிமை77:

சகோதரி, ஆன்லைன்ல ஒரு மூலிகைப் பொடி விக்குது, சாப்பாட்டுல கலந்து குடுத்தா ஆளுக்கே தெரியாது, எங்க மாமா பையன் குடியை அப்படித்தான் விட்டான்னு சொல்றாங்க. கோயில்ல கயிறும் கட்டி விடுங்க, நிறைய பேருக்குப் பலன் இருக்கு.

—

ஓபி_சீட்டு:

முருகனடிமை அண்ணே, கயிறு கட்டுறதை நான் வேணாம்னு சொல்ல மாட்டேன், சாமி முன்னாடி குடுத்த வாக்கை புடிச்சுக்கிட்டே வருஷக்கணக்கா நிக்கிறவங்களைப் பாத்திருக்கேன். ஆனா அந்தப் பொடியை தயவுசெஞ்சு யாருக்கும் சொல்லாதீங்க. தெரியாம கலக்குறதுல என்ன இருக்குன்னு யாருக்குமே தெரியாது. குடிக்குக் குடுக்குற டைசல்ஃபிரம்னு ஒரு நிஜ மருந்து இருக்கு, அதைச் சாப்பிட்டவன் குடிச்சா முகம் செவந்து வாந்தி எடுத்து நெஞ்சு படபடத்து ரத்த அழுத்தம் எறங்கிரும், அதனாலதான் அவனுக்கு விளக்கிச் சொல்லி சம்மதம் வாங்கிட்டுத்தான் டாக்டர் எழுதணும். தெரியாம குடுத்து அவன் பாட்டுக்கு ஒரு குவார்ட்டர் அடிச்சா உயிருக்கே ஆபத்து. அதுவும் குடிக்கு மட்டும்தான், இந்தத் தம்பியோட மாத்திரைக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது.

—

மறுநாள்_காலை:

அக்கா வணக்கமுங்க. நானும் திருப்பூருங்க, உங்க தம்பி போட்ட அதே மாத்திரை. நாலு வருஷம் ஆச்சு விட்டு. எழுதறதுக்கு கை கொஞ்சம் நடுங்குது, ஆனா எழுதிடறனுங்க.

என்னையும் வண்டியிலதான் கூட்டிட்டுப் போனாங்க. காலைல அஞ்சு மணி, தூக்கத்துல இருந்து எந்திரிக்கறதுக்குள்ள கையைப் புடிச்சு முறுக்கி ஏத்திட்டாங்க, அம்மா வாசல்ல நின்னு அழுதுட்டே பாத்துட்டு இருந்தாங்க. அந்த எடத்துல நாப்பது பேருக்கு மேல, ரெண்டு பாத்ரூம். வித்ட்ராயலுக்கு ஒரு மாத்திரை கூட குடுக்கலைங்க, "அனுபவிச்சாத்தான் புத்தி வரும்"னு சொல்லுவாங்க. எதுத்துப் பேசினா அடி. ஒரு பையனுக்கு ஃபிட்ஸ் வந்துச்சு, குடிச்சிட்டு இருந்த பையன், தூக்கிட்டுப் போனாங்க, அப்பறம் அவனை நான் பாக்கவே இல்லைங்க. நாலு மாசம் இருந்தேன். எங்கப்பா வட்டிக்கு வாங்கித்தான் பணம் கட்டிட்டு இருந்திருக்காரு.

வெளிய வந்த ரெண்டாவது நாளு முன்னாடி போட்ட அளவையே போட்டேனுங்க. நாலு மாசம் போடாம இருந்த ஒடம்பு அந்த அளவைத் தாங்காதுன்னு எனக்கு யாருமே சொல்லலை. பாத்ரூம்ல விழுந்து கெடந்திருக்கேன், உதடு நீலமாயிடுச்சாம், கூட இருந்த பையன் ஓடிடாம 108-க்கு அடிச்சான். அவன் மட்டும் பயந்துட்டு ஓடியிருந்தா இதை எழுத நான் இல்லைங்க. அதனால அக்கா, இதை மட்டும் மனசுல வெச்சுக்கங்க, கொஞ்ச நாள் நிறுத்திட்டு மறுபடி போடற அன்னைக்குத்தான் சாவு பக்கத்துல நிக்கிது. மூச்சு மெதுவாகுது, எழுப்பினா எந்திரிக்கல, குறட்டை மாதிரி ஒரு சத்தம் வருதுன்னா காத்திருக்காதீங்க, 108-க்கு அடிச்சு என்ன போட்டான்னு ஒளிக்காம சொல்லிடுங்க. அதை முறிக்கற ஊசி ஆஸ்பத்திரியில இருக்குதுங்க.

அதுக்கப்பறந்தான் அரசு ஆஸ்பத்திரி. நாக்குக்கு அடியில வைக்கற மாத்திரை 14 மாசம் எடுத்தேன். "அதுவும் ஒரு போதைதானே, ஒன்னை விட்டுட்டு இன்னொன்னைப் புடிச்சிட்டான்"னு சொந்தக்காரங்க பேசினாங்க. எனக்கு அது எப்படி இருந்துச்சுன்னா, காலைல எந்திரிச்சா மாத்திரையைத் தேடி ஓடவேண்டாம், பணத்துக்குப் பொய் சொல்ல வேண்டாம், வேலைக்குப் போலாம், அவ்வளவுதானுங்க. நடுவுல ரெண்டு தடவை சறுக்குனேன். ரெண்டு தடவையும் டாக்டர் திட்டல, அடுத்த வாரம் வான்னுதான் சொன்னாரு. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் திரும்பப் போனேன்னு இப்ப தோணுது.

ஆனா ஒன்னுங்க, சிகிச்சை இருக்கா இல்லையாங்கறதை விட வாராவாரம் அங்க போய்ச் சேர முடியுமாங்கறதுதான் நெசமான கேள்வி. எனக்குப் போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம், வரிசைல மூணு மணி நேரம், அன்னைக்கு சம்பளம் போச்சு. முதல் ரெண்டு மாசம் அப்படித்தான். எங்க கம்பெனி சூப்பர்வைசர்கிட்ட கடைசில உண்மையைச் சொன்னேன், அவரு அந்த ஒரு நாளு மட்டும் நைட் ஷிஃப்ட் போட்டுக் குடுத்தாரு. அவரு அதைப் பண்ணலைன்னா நான் மூணாவது வாரத்துல நின்னுருப்பேனுங்க. தம்பிக்கும் அந்த நாளை யாராச்சும் காப்பாத்திக் குடுக்கணும். என்ஏன்னு போதையை விட்டவங்க கூடிப் பேசற மீட்டிங் பக்கத்து டவுன்ல இருந்தா அதுக்கும் போகச் சொல்லுங்க, ஆன்லைன்லயும் நடக்குது, முதல் நாள் பேச வேண்டாம், சும்மா உக்காந்து கேட்டாப் போதும்.

—

குமரி_மலர்:

மேல ரெண்டு பேரும் சொன்னது எல்லாம் சரிதான். ஆனா ஜிஹெச்சுக்குப் போன்னு சொல்லியது ரொம்ப லேசாட்டு இருக்கு, நான் அங்க போய் நின்னவ, அதனால அந்தப் பக்கத்தையும் சொல்லணும்.

எனக்க வீட்டுக்காரருக்கு குடி. நாகர்கோவில் பக்கம் நாங்க. முதல் தடவை ஒரு அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனப்ப காலைல எட்டு மணிக்கு நின்னு பதினொன்னரைக்கு உள்ள போனோம், டாக்டர் மூணு நிமிஷம் பேசினாரு, மாத்திரை எழுதினாரு, அடுத்த ஆளு. அவரைக் குத்தம் சொல்லல, வெளிய நூறு பேர் நிக்கியாங்க, அவரு ஒருத்தர். ஆனா இவரு வெளிய வந்து "இதுக்காடி என்னைக் கூட்டிட்டு வந்தே"ன்னு கேட்டுட்டு நேரா கடைக்குப் போயிட்டாரு. ரெண்டாவது தடவை வீட்டுலயே திடீர்னு நிறுத்தினாரு, மூணாம் நாள் ராத்திரி சுவத்துல பூச்சி ஊருதுன்னு சொல்லி அடிக்க ஆரம்பிச்சாரு, கை காலெல்லாம் நடுக்கம், என்னையே யாருன்னு கேட்டாரு. பேய் புடிச்சிருக்குன்னு மாமியார் சொன்னாங்க. குடியை திடீர்னு நிறுத்தினா ரெண்டு மூணு நாள்ல அப்படி வரும், உயிரே போவும்னு ஐசியு டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த முதல் ஓபியில அந்த ஒரு வரியை யாராவது சொல்லியிருந்தா நான் அவரைத் தனியா விட்டிருக்க மாட்டேன்.

கடைசில எங்களுக்குக் கை குடுத்தது மத்திய அரசு மானியத்துல தொண்டு நிறுவனம் நடத்துற மீட்பு மையம், ஐஆர்சிஏன்னு சொல்லுவாங்க. சிகிச்சைக்குக் காசு வாங்கக் கூடாது, கவுன்சலருங்க உண்டு, டாக்டர் உண்டு, வீட்டுக்காரங்களையும் கூப்பிட்டுப் பேசுவாங்க. ஆனா பதினஞ்சு படுக்கைதான், ஆறு வாரம் காத்துக் கிடந்தோம். அந்த ஆறு வாரத்தை எப்படிக் கடக்கணும்னு சொல்ல ஒரு ஆளு கிடையாது. 2019-ல டெல்லி எய்ம்ஸ் நடத்தின கணக்கெடுப்பு வந்துது, குடிக்கு அடிமையான 38 பேர்ல ஒருத்தருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சையாவது கிடைச்சிருக்கு, படுக்கையில சேந்து எடுத்தவங்க 180-ல ஒருத்தர். அதைப் படிச்சப்ப எனக்குக் கணக்கா தெரியல, எங்க தெருவுலயே எத்தனை வீடுன்னு எண்ணிப் பாத்தேன்.

இன்னொன்னும் சொல்லணும், யாரும் பேசமாட்டாங்க. அந்த மையத்துல அத்தனை படுக்கையும் ஆம்பளைங்களுக்கு. தூக்க மாத்திரைக்கு அடிமையான ஒரு அக்காவை எனக்குத் தெரியும், அவங்களுக்கு எடம் தேடி நான் ஏழு எடத்துக்குப் போன் பண்ணேன், "லேடீஸ் எடுக்கிறதில்லம்மா"ன்னுதான் பதில். பிள்ளைய யார் பாக்கிறது, ஊர்ல என்ன சொல்லுவாங்கன்னு அவங்களும் வெளிய வரல. இன்னைக்கும் அப்படியே இருக்காங்க.

வைகைக்கரை, உனக்கு நான் சொல்லியது இதுதான் மக்களே. முதல் தடவை மூணு நிமிஷம்தான் கிடைச்சாலும் மனசு விட்டுராதே, கேக்க வேண்டியதை ஒரு சீட்டுல எழுதிட்டுப் போ. டாக்டர் முடிச்சதும் கவுன்சலரையோ சமூகப் பணியாளரையோ பாக்கணும்னு நீயே கேளு, கேட்டாத்தான் அனுப்புவாங்க. உனக்கும் ஆள் வேணும். குடிநோயாளி குடும்பத்துக்கு அல்-அனான்னு ஒரு கூட்டம் உண்டு, நான் அங்கதான் அவருக்க பாட்டிலை ஒளிச்சு வைக்கிறதை நிறுத்தினேன், ராத்திரி தூங்கவும் ஆரம்பிச்சேன். அம்மாகிட்டயும் சொல்லிரு, கசாயம் போடுற கைக்கு எதுக்குப் போடுறோம்னு தெரியணும்.

—

ஓபி_சீட்டு:

குமரி மலர் அக்கா சொன்னதுல ஒன்னைக் கூட என்னால மறுக்க முடியாது. அந்த மூணு நிமிஷம் எங்களுக்கும் வலிக்குது. பொம்பளைங்க விஷயமும் உண்மை, அந்த அக்காவுக்கு ஐஆர்சிஏ தேடாம மெடிக்கல் காலேஜ் மனநலப் பிரிவுல பாருங்க, அங்க பெண்கள் வார்டு இருக்கும், வெறும் "தூக்கம் வரல"ன்னு ஓபி சீட்டு போட்டாக் கூட போதும், உள்ள போய் உண்மையைச் சொல்லிக்கலாம். தூக்க மாத்திரையை மட்டும் அவங்களா திடீர்னு நிறுத்திர வேணாம், அதுலயும் ஃபிட்ஸ் வரும், கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்.

—

நீதிமன்ற_வாசல்:

போலீஸ் கேள்விக்கு யாரும் பதில் சொல்லல, அதனால வர்றேன். மதுரைல வக்கீலா இருக்கேன், போதைப்பொருள் வழக்குகள் பாக்குறேன்.

சகோதரி, சிகிச்சைக்கு வந்தவனைப் பத்தி டாக்டர் போலீசுக்குச் சொல்லணும்னு சட்டம் இல்ல, அதுக்கு நேர்மாறா 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் 23-ஆம் பிரிவு ரகசியம் காக்கணும்னு கட்டாயப்படுத்துது. குடி, போதையால வர்ற மனநலப் பிரச்சனையும் அந்தச் சட்டத்துல மனநோய்ங்கற வரையறைக்குள்ள வருது, அதனால அந்தச் சட்டத்து உரிமை எல்லாம் உங்க தம்பிக்கும் உண்டு. பாஸ்போர்ட் விசாரணைல பாக்குறது வழக்கு இருக்கான்னுதான், ஓபி சீட்டை யாரும் கேக்கப் போறதில்ல. போதைப்பொருள் சட்டத்துலயே, அதாவது 1985 சட்டத்துல, 64ஏன்னு ஒரு பிரிவு இருக்கு, உபயோகிச்ச குத்தத்துக்கோ சிறிய அளவு வச்சிருந்த குத்தத்துக்கோ வழக்கு வந்த அடிமை ஒருத்தன் தானா முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரிச்ச எடத்துல சிகிச்சை எடுத்தா அவன் மேல வழக்கு நடத்தக் கூடாது. சிகிச்சையை பாதியில விட்டா அந்தப் பாதுகாப்பு போயிரலாம். எத்தனையோ பசங்களுக்கு இது தெரியவே தெரியாது, போலீஸ் பயத்துலயே ஆஸ்பத்திரி வாசலுக்கு வராம இருக்காங்க, அதைப் பாக்குறப்ப எனக்கு ரொம்ப வேதனையா இருக்கு.

அந்த ஹோமுக்கு வர்றேன். போதை அடிமைகளை வச்சு சிகிச்சை குடுக்குற எடம் மாநில மனநல ஆணையத்துல பதிவு பண்ணியிருக்கணும். சம்மதிக்காத ஆளைச் சேக்கணும்னா சட்டம் ஒரு வழி வச்சிருக்கு, ஒரு சைக்கியாட்ரிஸ்டும், கூட இன்னொரு மனநல நிபுணரோ டாக்டரோ தனித்தனியா பரிசோதிச்சு எழுதணும், முதல்ல 30 நாள் வரைக்கும்தான் வைக்கலாம், அதையும் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தெரியப்படுத்தணும். நாலு பேர் விடியக்காலைல வந்து தூக்கிட்டுப் போறது சிகிச்சை இல்ல, ஆள்கடத்தல். வீட்டாளுங்களோட பேசவே விடமாட்டோம்னு பொதுவா ஒரு விதி போடுறதுக்கும் இடம் இல்ல. சங்கிலில கட்டுறதை 95-ஆம் பிரிவு எந்த வடிவத்துலயும் கூடாதுன்னு தடை பண்ணுது.

உங்க மாவட்டத்துக்காரங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்ல. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடில மனநோயாளிகளை வச்சிருந்த காப்பகம். சங்கிலியோட கட்டி வச்சிருந்த 28 பேர் தீயில ஓட முடியாம செத்துப் போனாங்க. அவங்களையும் வீட்டாளுங்க பாசத்துலதான், குணமாகும்னு நம்பித்தான் கொண்டாந்து விட்டாங்க.

மறுநாள் காலை தம்பி, உங்களுக்கு நடந்ததுக்கு இப்பவும் மறுஆய்வு வாரியத்துல புகார் குடுக்கலாம், எழுத உதவி வேணும்னா மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல இலவசமா கிடைக்கும்.

இன்சூரன்ஸ் யாராவது கேப்பீங்க, அதையும் சொல்லிடுறேன். மனநோய்க்கு உடல்நோய் மாதிரியே காப்பீடு குடுக்கணும்னு 2017 சட்டம் சொன்னாலும், பெரும்பாலான பாலிசில குடி, போதை சிகிச்சைக்குப் பணம் கிடையாதுன்னு ஒரு விலக்கு வரி இருக்கும். பாலிசியை எடுத்துப் பாத்துட்டு தனியார்ல சேருங்க. அதே சட்டத்து 18-ஆம் பிரிவுல இன்னொன்னும் இருக்கு, மாவட்டத்துல அரசு குடுக்க வேண்டிய குறைஞ்சபட்ச மனநல சேவை இல்லன்னா அதே மாவட்டத்துல வேற எடத்துல எடுத்த சிகிச்சைச் செலவை அரசு ஏத்துக்கணும். இதைக் கேட்டு மனு போட்டவங்களை நான் இன்னும் பாக்கல. யாராவது போடணும், நான் எழுதித் தர்றேன்.

—

வைகைக்கரை_அக்கா:

உங்க எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. மூணு நாள் கழிச்சு எழுதுறேன்.

சித்தப்பாகிட்ட வேணாம்னு சொல்லிட்டேன், அவருக்குக் கோவம், "அரசாங்க ஆஸ்பத்திரில கொண்டுபோய் பைத்தியம்னு முத்திரை குத்தப் போறியா"ன்னு கத்துனாரு. அம்மாகிட்ட ராத்திரி உக்காந்து எல்லாத்தையும் சொன்னேன். அவங்க ரொம்ப நேரம் பேசல. அப்பறம் எந்திரிச்சுப் போய் அவன் கையைப் புடிச்சு அந்தத் தடிப்பை எல்லாம் தடவிப் பாத்தாங்க. காலைல அஞ்சரை பஸ்ஸுக்கு அவங்கதான் எங்களை எழுப்பி விட்டாங்க.

மறுநாள் காலை எழுதுனதை தம்பிகிட்ட காட்டுனேன். வண்டி, நாலு பேருன்னு வந்த எடத்துல நிறுத்திட்டு "என்னையும் அப்படி அனுப்பப் பாத்தியா"ன்னு கேட்டான். பாத்தேன்னு சொன்னேன், ஆனா அனுப்பலன்னு சொன்னேன். பஸ்ல பூரா திரும்பத் திரும்ப அதையேதான் படிச்சுக்கிட்டு வந்தான்.

குமரி மலர் அக்கா சொன்ன மாதிரி சீட்டு எழுதிட்டுப் போனேன். ராமநாதபுரத்துல டாக்டர் எங்க ரெண்டு பேரையும் தனித்தனியா கேட்டாங்க, அட்டையை வாங்கிப் பாத்தாங்க, கவுன்சலர்கிட்ட அனுப்பச் சொல்லி நான் கேட்டதும் அனுப்புனாங்க. ரத்தம் குடுத்திருக்கான், காமாலை டெஸ்ட் இன்னும் வரல, எச்ஐவி இல்லன்னு வந்துருச்சு, அதைக் கேட்டதும் வெராண்டாவுலயே உக்காந்துட்டான். ஒரு வாரத்துக்கு மாத்திரை குடுத்திருக்காங்க, அடுத்த புதன்கிழமை வரச் சொல்லி, நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை பத்தி அன்னைக்கு முடிவு பண்ணலாம்னு சொல்லியிருக்காங்க. குடைச்சல் இருக்கு, ஆனா போன தடவை மாதிரி இல்ல. நேத்து ராத்திரி மூணு மணி நேரம் தூங்குனான்.

இப்ப ரெண்டு சந்தேகம். அவன் மாத்திரையை அவன்கிட்டயே குடுத்து வைக்கவா, நான் வச்சுக்கவா? புதன்கிழமை எனக்குப் பள்ளிக்கூடம், எச்எம்கிட்ட என்ன காரணம் சொல்லி லீவு கேக்குறதுன்னும் தெரியல, வாரா வாரம்னா சம்பளத்துல பிடிப்பாங்க.

—

ஓபி_சீட்டு:

மாத்திரை உன்கிட்ட இருக்கட்டும், ஆனா ஒளிச்சு வைக்காத. "இது என்கிட்ட இருக்கும், டாக்டர் எழுதுன நேரத்துக்கு நான் குடுப்பேன்"னு அவன்கிட்டயே பேசி ஒத்துக்க வை, இல்லன்னா அதுவே ஒரு சண்டையா மாறும். தூக்கத்துக்குக் குடுத்ததை ஒரு நாளைக்கு எழுதுன அளவுக்கு மேல குடுக்காத, எவ்வளவு கெஞ்சுனாலும். இந்த ரெண்டு வாரம் அவன் கையில காசா குடுக்காதீங்க, வேணுங்கறதை வாங்கிக் குடுங்க. கையில காசு குடுக்க வேணாம்னு அவனே கேக்கலாம், நிறைய பசங்க கேப்பாங்க.

லீவுக்கு, தம்பிக்கு சிகிச்சை நடக்குதுன்னு மட்டும் சொல்லு, என்ன சிகிச்சைன்னு சொல்லணும்னு உனக்குக் கட்டாயம் இல்ல. புதன்கிழமை அம்மா கூடப் போக முடியுமான்னு பாரு, ஒருத்தரே எல்லாத்தையும் தூக்குனா ரெண்டாவது மாசத்துல நீ படுத்துருவ. பரமக்குடிக்கு மாவட்ட மனநலத் திட்ட டாக்டர் வர்ற நாள் விசாரிச்சியா? மருந்தளவு நிலையாயிட்டா அங்கயே வாங்கிக்கலாமான்னு புதன்கிழமை கேட்டுப் பாருங்க.

—

மறுநாள்_காலை:

அக்கா, தம்பி சம்மதிச்சா என்னோட இந்த ஐடிக்கு ஒரு மெசேஜ் போடச் சொல்லுங்க. புதன்கிழமை காலைல பஸ் ஏறினதும் நான் கூப்பிடறேன், ராமநாதபுரம் வர்ற வரைக்கும் பேசிட்டே வரலாம். எனக்கு அன்னைக்கு நைட் ஷிஃப்ட்தானுங்க, பகல்ல சும்மாத்தான் இருப்பேன்.

—

வைகைக்கரை_அக்கா:

சொன்னேன். போடுறேன்னு சொல்லிட்டு போனை வாங்கிட்டுப் போயிருக்கான்.